அப்பா கடை கம்ப்யூட்டரை கடைசியா எப்போ பார்த்தீங்க?



நம்ம சேனல்ல வழக்கமா எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், எமர்ஜென்சி ஃபண்டுனு பேசுவோம். இன்னைக்கு ஒரு கடையில இருக்கிற பழைய கம்ப்யூட்டரைப் பத்தி எழுதப்போறேன். "இது டெக் சேனல் இல்லையே ப்ரோ, எதுக்கு இதெல்லாம்?"னு கேக்குறவங்க கொஞ்சம் பொறுங்க. இது முழுக்க முழுக்க பண விஷயம்தான்.

நம்மள்ல நிறைய பேர் மாசச் சம்பளக்காரங்க. ஆனா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தா அப்பாவோ, மாமாவோ, அக்கா வீட்டுக்காரரோ ஒரு சின்ன தொழில் பண்ணிட்டு இருப்பாங்க. ஹார்டுவேர் கடை, மருந்துக்கடை, அச்சகம், நாலு தையல் மெஷின் போட்ட யூனிட், லாரி புக்கிங் ஆபீஸ், இப்படி ஏதோ ஒண்ணு. நம்மளைப் படிக்க வச்சதே அந்தத் தொழில்தான். நம்ம கம்பெனியில லேப்டாப் பழுதானா ஐடி டீம்கிட்ட ஒரு டிக்கெட் போடுவோம், சாயங்காலத்துக்குள்ள வேற லேப்டாப்ல எல்லா ஃபைலும் வந்துடும். அப்பா கடையில அந்த கம்ப்யூட்டர் நின்னுபோச்சுன்னா யாருக்கு டிக்கெட் போடுவாரு? உங்களுக்குத்தான் போன் வரும். சில சமயம் பணம் கேட்டும் போன் வரும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வீட்டுத் தொழிலோட மொத்தக் கணக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டர்லயும் யாரோ ஒருத்தரோட போன் நம்பர்லயும் மாட்டிக்கிட்டு இருந்தா, உங்க ஃபைனான்ஷியல் பிளான்ல இருக்கிற பெரிய ஓட்டை அதுதான். அதை அடைக்க புது சாஃப்ட்வேர் வேண்டாம், புது கம்ப்யூட்டரும் வேண்டாம். ஊருக்குப் போறப்போ ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கினா போதும். நான் ஒதுக்கல. அதனால என்ன ஆச்சுன்னு சொல்றேன்.

மாமா கடையில நடந்தது

என் மாமா திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர்ல பெயிண்ட், ஹார்டுவேர் கடை வச்சிருக்காரு. வாடிக்கையாளர்ல பாதிப் பேருக்கு மேல மேஸ்திரி, பெயிண்டர், சின்ன கான்ட்ராக்டர். இந்தத் தொழில்ல கடன் கொடுக்காம வியாபாரம் நடக்காது. வேலை முடிஞ்சு வீட்டுக்காரர் பணம் கொடுத்தாத்தான் மேஸ்திரி கடைக்குக் கொடுப்பாரு. அந்தப் பாக்கிக் கணக்கு முழுக்க ஒரு டேலியில இருந்துச்சு. வாரத்துல மூணு நாள் சாயங்காலம் ஒரு அக்கா வந்து கணக்கு எழுதிட்டுப் போவாங்க.

ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்போ பஸ் டிக்கெட் பிரிண்ட் எடுக்க அந்த கம்ப்யூட்டரை ஆன் பண்ணேன். கறுப்புத் திரையில ஒரு வரி வந்து நின்னுச்சு. "ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட், பேக்கப் அண்ட் ரீப்ளேஸ்"னு போட்டு, தொடர எஃப்1 அமுக்கச் சொல்லுச்சு. மாமா கல்லாவுல இருந்தே, "மாப்ள, எஃப்1-ஐ அமுக்கு, ஓப்பன் ஆகிடும். ரெண்டு மாசமா அப்படித்தான் வருது"னாரு. நானும் அமுக்கினேன். டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்துட்டு பஸ் ஏறிட்டேன்.

அந்த வரிக்கு அர்த்தம், ஹார்டு டிஸ்க் "நான் சாகப்போறேன், காப்பி எடுத்துக்கோங்க"னு சொல்லுதுன்னுதான். இது எனக்குத் தெரியாம இல்ல. ஐடி கம்பெனியில வேலை பார்த்தவன் நான். அது மாமாவோட கடை, நமக்கென்னனு விட்டுட்டேன், அவ்வளவுதான்.

மார்ச் மாசம், வருஷக் கணக்கு முடிக்கிற நேரத்துல, எஃப்1 அமுக்கியும் ஓப்பன் ஆகல. டேட்டா மீட்டுத் தர்ற ஒரு இடத்துக்குக் கொண்டுபோனாங்க. வாங்கிட்டு ரெண்டு வாரம் வச்சிருந்து, பழைய போட்டோவையும் கொஞ்சம் பிடிஎஃப்பையும் எடுத்துக் கொடுத்தாங்க. டேலி டேட்டா திறக்கவே இல்ல. பென் டிரைவ்ல ஒரு பேக்கப் கிடைச்சது, அது பதினாலு மாசம் பழசு.

"டேட்டா போனா என்ன, ஜிஎஸ்டி போர்ட்டல்ல எல்லாம் இருக்குமே"னு நான்தான் மாமாவுக்குத் தைரியம் சொன்னேன். தப்பு. ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன்ல, ஜிஎஸ்டி நம்பர் வச்சிருக்கிறவங்களுக்குப் போட்ட பில்தான் தனித்தனியா ஏறும். நம்பர் இல்லாதவங்களுக்கு உள்ளூர்ல விக்கிறது எல்லாம் வரி விகிதவாரியா மொத்தத் தொகையா மட்டும் போகும். அதுல பேர் இருக்காது. மேஸ்திரிக்கும் பெயிண்டருக்கும் ஏது ஜிஎஸ்டி நம்பர்? அதோட, யார் எவ்வளவு திருப்பிக் கொடுத்தாங்கங்கிற வரவுக் கணக்கு ரிட்டர்ன்ல வரவே வராது. கடைக்கு உயிரான அந்தப் பாக்கி லிஸ்ட் உலகத்துல வேற எங்கயுமே இல்ல.

மாமா ஞாபகத்துல இருந்து எழுதிப் பார்த்ததுல ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல வெளியில நின்னுச்சு. பேங்க் ஸ்டேட்மென்ட்டை வச்சு யுபிஐயில வந்த வரவைப் பிடிச்சாங்க. ரொக்கமா வந்ததுக்கு ஒரு தடயமும் இல்ல. ஒரு மேஸ்திரி தானே வந்து, சட்டைப் பைல இருந்த சின்ன நோட்டைப் பிரிச்சு, "அண்ணே, என் கணக்குல 38,400 இருக்கு, சரியா பாத்துக்கோங்க"னு சொன்னாராம். இதைச் சொல்றப்போ மாமாவுக்குக் குரல் மாறிடும். இன்னொரு கான்ட்ராக்டர், "அன்னைக்கே கொடுத்துட்டேனே, மறந்துட்டீங்களா?"னு கேட்டாரு. மாமாவுக்கு அவரை மறுத்துப் பேச கையில ஒரு தாள் இல்ல. எட்டு மாசத்துல மூணே முக்கால் லட்சம் திரும்பி வந்துச்சு. மீதி வரல.

ஆனா சப்ளையருக்குக் கொடுக்க வேண்டியது காத்திருக்காதே. அங்கதான் மாமா பையன் வந்தான். சென்னையில வேலை, கைக்கு 41,000 சம்பளம். அவன் பேர்ல நாலு லட்சம் பர்சனல் லோன், 13 சதவீத வட்டி, மூணு வருஷம். மாசம் கிட்டத்தட்ட 13,480 ரூபாய். மொத்தம் கட்டப்போற வட்டி மட்டும் 85,000 ரூபாய். இன்னும் பதினோரு மாசம் கட்டணும். அந்த லோன் போட்ட மாசமே அவன் எஸ்ஐபியை நிறுத்திட்டான். இப்போ புரியுதா, ஏன் இதைப் பண விஷயம்னு சொன்னேன்னு? கடை அப்பாவோடதுதான், ஆனா இஎம்ஐ கட்டுறது பையன்.

"பேக்கப் எடுக்குறோம்ல" என்பது பதில் இல்ல

அப்பாகிட்ட கேட்டா "அதெல்லாம் எடுக்குறோம்"பாரு. எங்கேனு கேளுங்க. பத்துல ஏழெட்டு கடையில "டி டிரைவ்ல"னு பதில் வரும்னு நான் பந்தயம் கட்டுவேன். சி டிரைவும் டி டிரைவும் பெரும்பாலும் ஒரே ஹார்டு டிஸ்க்கை ரெண்டாப் பிரிச்சு வச்சதுதான். டிஸ்க் போச்சுன்னா ரெண்டும் சேர்ந்தே போகும். வீட்டுச் சாவியோட டூப்ளிகேட்டை அதே சாவிக்கொத்துல மாட்டி வச்ச மாதிரி.

இன்னொரு வகை இருக்கு. வெளியில ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி, அதை 24 மணி நேரமும் கம்ப்யூட்டர்லயே சொருகி வச்சிருப்பாங்க. டிஸ்க் கெட்டா இது காப்பாத்தும். ஆனா ஃபைலையெல்லாம் பூட்டிட்டு பணம் கேக்குற ரான்சம்வேர் உள்ள வந்தா, சொருகியிருக்கிற டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிடும். சின்ன கடைக்கெல்லாம் யாரு வரப்போறானு நினைக்காதீங்க. கிராக் போட்ட சாஃப்ட்வேர் ஓடணும்னு ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணி வச்சிருக்கிற கம்ப்யூட்டர் எத்தனை பார்த்திருக்கேன் தெரியுமா? அது கதவைத் திறந்து வச்சுட்டு தூங்குறதுதான். சர்வீஸ் பண்ண வந்தவர் எனிடெஸ்க் போட்டு, எப்போ வேணும்னாலும் உள்ள வர்ற மாதிரி பாஸ்வேர்டு வச்சுட்டுப் போயிருப்பாரு. அதையும் பாருங்க. வேலை முடிஞ்சா அந்தப் பாஸ்வேர்டை எடுத்துடணும்.

நான் மாமா கடையில அப்புறமா செஞ்சது ரொம்ப சாதாரணமான ஏற்பாடு. ரெண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க். ஒண்ணுல சிவப்பு டேப், ஒண்ணுல பச்சை டேப். ஒரு வாரம் சிவப்பு, அடுத்த வாரம் பச்சை. சனிக்கிழமை சாயங்காலம் அக்கா கணக்கு முடிச்சதும் டேலி பிரைம்ல ஆல்ட் + ஒய் அமுக்கி, பேக்கப் கொடுத்து, டிஸ்க்கைக் கழட்டி மாமா கையில கொடுத்துடுவாங்க. மாமா அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் பீரோல வச்சிடுவாரு. அடுத்த சனிக்கிழமை மற்றது. கடையில தண்ணி புகுந்தாலும், ஷார்ட் சர்க்யூட் ஆனாலும், ஒரு டிஸ்க் எப்பவும் வீட்ல இருக்கும்.

இதோட தினமும் ஒரு காப்பி கூகுள் டிரைவுக்கும் போகுது. கூகுள் 15 ஜிபி சும்மா தருது. டேலி டேட்டா மட்டும்னா ஒரு சின்ன கடைக்கு அதுவே தாராளம். ஆனா அதே ஜிமெயில்ல போட்டோவும் வாட்ஸ்அப் பேக்கப்பும் சேர்ந்தா இடம் நிரம்பி, சத்தமில்லாம காப்பி நின்னுபோயிடும். அதனால கடைக்குன்னு தனி ஜிமெயில் வைங்க. நான் என் சொந்த உபயோகத்துக்கு 100 ஜிபிக்கு மாசம் 130 ரூபாய் கட்டுறேன். கடைக்கு அது தேவைப்படல.

"எங்க கணக்கை ஏன்டா கூகுளுக்குக் கொடுக்கணும்?"னு மாமா கேட்டாரு. நியாயமான கேள்விதான், சிரிச்சுட்டுத் தள்ளாதீங்க. ஃபைலுக்கு பாஸ்வேர்டு போட்டு ஜிப் பண்ணி ஏத்தலாம்னு காட்டினேன், சரினுட்டாரு. உங்க அப்பா வேண்டவே வேண்டாம்னா ரெண்டு டிஸ்க்கோட நிறுத்திக்கோங்க. அதுவே இப்போ இருக்கிற நிலைமைக்கு நூறு மடங்கு மேல்.

இதுல எல்லாரும் விடுற ஒரு படி இருக்கு. எடுத்த பேக்கப்பைத் திறந்து பார்க்கிறது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்த ஃபைலை உங்க லேப்டாப்ல கொண்டுவந்து ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க. லைசென்ஸ் இல்லாமலே டேலி பிரைமை எஜுகேஷனல் மோடுல போட்டுக்கலாம், பார்த்துச் சரிபார்க்க அது போதும். கடை கம்ப்யூட்டர்லயே ரீஸ்டோர் அமுக்கி விளையாடாதீங்க, இருக்கிற டேட்டா மேல பழசு ஏறி உட்கார்ந்துடும். போன வாரம் போட்ட கடைசி பில் நம்பரும், ரெண்டு மூணு பேரோட பாக்கியும் ஒத்துப்போகுதானு பார்த்தா வேலை முடிஞ்சது.

எவ்வளவு காலத்துக்கு இதையெல்லாம் வச்சிருக்கணும்? ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த வருஷத்தோட ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியில இருந்து 72 மாசம். 2024-25 கணக்குன்னா வழக்கமான கடைசித் தேதி 31 டிசம்பர் 2025, அதுல இருந்து ஆறு வருஷம், அதாவது 2031 டிசம்பர் வரைக்கும். இதுல ஒரு சின்ன விஷயம்: தெர்மல் பேப்பர்ல வந்த பில் எல்லாம் நாளாக ஆக வெளுத்துப்போகும். வாங்குன அன்னைக்கே போன்ல ஒரு போட்டோ எடுத்து மாசவாரியா ஃபோல்டர்ல போடுற பழக்கத்தை அந்த அக்காகிட்டயோ கடைப் பையன்கிட்டயோ சொல்லி வைங்க.

ஓடிபி யார் போனுக்குப் போகுது?

பேக்கப்பை விட எனக்கு அதிகமா பயம் தர்றது இதுதான். ஒரு நோட்டை எடுத்துட்டு அப்பா பக்கத்துல உட்காருங்க. ஜிஎஸ்டி போர்ட்டல், இ-வே பில், பேங்க், யுபிஐ கியூஆர், வாட்ஸ்அப் பிசினஸ், கூகுள் மேப்ல கடையோட பக்கம், வெப்சைட் இருந்தா அதோட டொமைன். ஒவ்வொண்ணுக்கும் எந்த மெயில், எந்த போன் நம்பர்னு எழுதுங்க. பாதிக்கு அப்பாவுக்கே பதில் தெரியாது. "அது ஆடிட்டர்கிட்ட இருக்கும்", "அது முன்னாடி வேலை பார்த்த பையன் போட்டுக் கொடுத்தான்"னு வரும்.

ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-ல வந்தப்போ அவசர அவசரமா ரெஜிஸ்ட்ரேஷன் எடுத்த நிறைய கடைகள்ல, எடுத்துக் கொடுத்தவரோட மெயிலும் நம்பருமே பதிவாயிருக்கு. அவங்க யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணல. நூறு பேருக்கு ரிட்டர்ன் போடுறவருக்கு ஓடிபி தன் போனுக்கு வந்தாத்தான் வேலை ஓடும். ஆனா அவருக்கு உடம்பு சரியில்லாமப் போனாலோ, ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம் ஆனாலோ, கடையோட சாவி இன்னொருத்தர் பாக்கெட்ல இருக்கும். நோட்டீஸ் வந்தாலும் அவருக்குத்தான் முதல்ல தெரியும். இ-வே பில், இ-இன்வாய்ஸ் போர்ட்டலுக்கு 2025 ஏப்ரல் 1-ல இருந்து எல்லாருக்குமே ரெண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். ஓடிபி வராத போன்னா சரக்கு லாரியிலயே நிக்கும்.

மாத்துறது கஷ்டமில்ல. ஜிஎஸ்டி போர்ட்டல்ல ரெஜிஸ்ட்ரேஷன் பகுதியில நான்-கோர் திருத்தம்னு இருக்கும். அதுல ஆதரைஸ்டு சிக்னேட்டரி பக்கத்துல மெயிலையும் மொபைலையும் மாத்தலாம். லாகினே கையில இல்லைன்னா, உங்க பகுதி ஜிஎஸ்டி அதிகாரிகிட்ட கடையோட ஆதாரங்களைக் கொண்டுபோய்க் கேட்டா அவங்க மாத்திக் கொடுக்க வழி இருக்கு. ஆடிட்டர்கிட்ட இதை மறைச்சு செய்யாதீங்க. "சார், ஓடிபி இனிமே கடை நம்பருக்கு வரும், நாங்க உடனே அனுப்பிடுறோம்"னு மரியாதையா சொல்லிட்டுச் செய்யுங்க. நல்ல ஆடிட்டர் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டாரு.

வாட்ஸ்அப் பிசினஸ் இன்னும் மோசம். கடையில ஆர்டர் எடுக்கிற பையன் தன் சொந்த நம்பர்ல ஆரம்பிச்சிருப்பான். நாலு வருஷ வாடிக்கையாளர் எல்லாம் அந்த நம்பர்ல இருப்பாங்க. அவன் ஒருநாள் எதிர்த்த தெருவுல கடை போட்டா, அவனைக் குறை சொல்ல முடியுமா? நம்பர் அவனோடதுதானே. கடைக்குன்னு ஒரு சிம் வாங்குங்க, அப்பா பேர்ல. டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் பின் போடுங்க, மீட்பு மெயிலா கடை ஜிமெயிலைக் கொடுங்க. லிங்க்டு டிவைஸ் வழியா கடைப் பையன் தன் பக்கத்துக் கம்ப்யூட்டர்ல இருந்தே பதில் அனுப்பலாம், போன் கல்லாவுலயே இருக்கட்டும். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் தேதியை உங்க போன்ல அலாரமா வைங்க. ரீசார்ஜ் பண்ணாம விட்டு நம்பரே கைவிட்டுப் போன கடையெல்லாம் இருக்கு.

பாஸ்வேர்டை மானிட்டர் மேல ஒட்டி வைக்கிறதைப் பார்த்து சிரிக்காதீங்க. அப்பாவுக்கு பாஸ்வேர்டு மேனேஜர் சொல்லிக்கொடுக்கப் போனா ரெண்டு நாள்ல விட்டுடுவாரு. ஒரு சின்ன நோட்டுல எழுதி வீட்டு பீரோல, நகைப் பக்கத்துல வைக்கச் சொல்லுங்க. அம்மாவுக்கும் அது எங்க இருக்குன்னு தெரியணும். இதை ஏன் சொல்றேன்னு உங்களுக்கே புரியும்.

மத்தது சீக்கிரமா

கியூஆர் கோடு மேல வேற ஸ்டிக்கரை ஒட்டிட்டுப் போற திருட்டு நடக்குது. தினமும் கடை திறந்ததும் தன் போன்லயே ஒரு தடவை ஸ்கேன் பண்ணி, கடை பேர் வருதானு பார்க்கச் சொல்லுங்க. கஸ்டமர் காட்டுற ஸ்கிரீன்ஷாட்டை நம்பவே வேண்டாம், சவுண்ட் பாக்ஸ் சத்தம் அல்லது பேங்க் மெசேஜ், ரெண்டுல ஒண்ணு வந்தாத்தான் சரக்கு. பணம் வாங்குறதுக்கு பின் போடத் தேவையே இல்ல. "பின் போடுங்க, பணம் வரும்"னு யாராவது சொன்னா அது திருட்டு. பணம் போயிட்டா உடனே 1930.

கம்ப்யூட்டர் மெதுவா இருக்கு, புதுசு வாங்கலாம்னு அப்பா சொன்னா, முதல்ல உள்ள பழைய ஹார்டு டிஸ்க்தான் இருக்கானு பாருங்க. எஸ்எஸ்டி மாத்தினாலே ஆள் மாறின மாதிரி ஓடும். ஆனா விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தர்ற வழக்கமான சப்போர்ட் 14 அக்டோபர் 2025-ஓட முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11 ஏறாத அளவுக்குப் பழைய மெஷின்னா, அப்போ புதுசு வாங்குறதுதான் சரி. எஸ்எஸ்டி போட்டுட்டோம், இனிமே கெடாதுனு மட்டும் நினைக்காதீங்க. அது சொல்லாமக் கொள்ளாம ஒரே நாள்ல போகும்.

யுபிஎஸ் பேட்டரி ரெண்டு மூணு வருஷம்தான். பிளக்கைப் பிடுங்கிப் பாருங்க, அஞ்சு நிமிஷம் கூட நிக்கலைன்னா மாத்துங்க. என்ட்ரி போட்டுக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போறதுதான் டேட்டா கெடுறதுக்குப் பாதிக் காரணம்னு எனக்கு ஒரு எண்ணம்.

எதை வாங்கித் தர வேண்டாம்

இங்க என் கருத்து கொஞ்சம் காரமா இருக்கும். ரீல்ஸைத் திறந்தா "உங்க அப்பா பிசினஸை ஏஐ வச்சு ஆட்டோமேட் பண்ணுங்க"னு ஒருத்தர் வர்றாரு. சிஆர்எம், சாட்பாட், டேஷ்போர்டு. அதை எல்லாம் நான் மொத்தமா வேண்டாம்னு சொல்லல. நம்ம ஊர்ல இருந்தே ஜோஹோ மாதிரி கம்பெனி நல்ல நல்ல சாஃப்ட்வேர் தருது. ஆனா பாக்கி லிஸ்டுக்கு ரெண்டாவது காப்பி இல்லாத கடையில சாட்பாட் போடுறது, கூரை ஒழுகுற வீட்ல ஏசி மாட்டுற வேலை.

இன்னொண்ணு, அப்பாவோட நோட்டைப் பிடுங்காதீங்க. மாமா கடையில இப்போ திரும்ப ஒரு நீளநோட்டு வந்திருக்கு. கடன் கொடுத்தா கம்ப்யூட்டர்லயும் ஏறும், நோட்டுலயும் ஒரு வரி ஏறும், வாங்குனவர் பக்கத்துல கையெழுத்துப் போடுவாரு. மாசக் கடைசியில வாட்ஸ்அப்ல ஒவ்வொருத்தருக்கும் பாக்கித் தொகை போகும். "சரி அண்ணே"னு அவங்க அனுப்புற பதில் ஒரு சாட்சி. டிஸ்க் எல்லாத்தையும் விட, தகராறு வந்தா கை கொடுக்கப்போறது அந்தக் கையெழுத்தும் இந்த "சரி அண்ணே"வும்தான்னு மாமா சொல்றாரு. எனக்கும் அது சரினுதான் படுது.

பேசுற விதமும் முக்கியம். போன உடனே "என்னப்பா இப்படி வச்சிருக்கீங்க"னு ஆரம்பிச்சா அன்னைக்கே முடிஞ்சது. முப்பது வருஷமா கடையை நடத்துறவர் அவர். "இந்த கம்ப்யூட்டர் நாளைக்கு ஆன் ஆகலைன்னா, யார் யார் எவ்வளவு தரணும்னு எப்படிப்பா கண்டுபிடிப்பீங்க?"னு ஒரு கேள்வி மட்டும் கேளுங்க. கணக்கு பார்க்கிற அக்காவைத் திருடி மாதிரி நடத்தாதீங்க. மாமா கடையில அந்த அக்கா மேல எல்லாரும் பழியைப் போடப் பார்த்தாங்க. பேக்கப் எடுக்கணும்னு அவங்ககிட்ட யாருமே சொன்னதில்ல, அதுக்கு ஒரு டிஸ்க்கும் வாங்கிக் கொடுத்ததில்ல. எஃப்1 அமுக்கினது நான்.

வீட்ல தொழில் எதுவும் இல்லாதவங்க இதுவரை படிச்சிருந்தா உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. எட்டு, பத்து பேர் வேலை பார்க்கிற சின்ன ஆபீஸ்ல நீங்க இருந்தா, உங்க சம்பளக் கணக்கும் இதே மாதிரி ஒரு கம்ப்யூட்டர்லதான் இருக்கும். ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாத்தையும் உங்க சொந்த மெயில்ல ஒரு காப்பி வைங்க. பிடிச்ச டிடிஎஸ் ஃபார்ம் 26ஏஎஸ்ல வருதா, பிஎஃப் பாஸ்புக்ல மாசாமாசம் ஏறுதானு நீங்களே பாருங்க. ஆபீஸ் கம்ப்யூட்டர் போனப்புறம் கேட்டா யாராலயும் தர முடியாது.

செலவு எவ்வளவு ஆகும்னு கேப்பீங்க. மாமா கடையில ரெண்டு டிஸ்க், யுபிஎஸ் பேட்டரி, ஒரு சிம் எல்லாம் சேர்த்து பன்னெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சது. மாமா பையனோட ஒரு மாச இஎம்ஐயை விடக் கம்மி.

டேலி பேக்கப் எடுக்கிறது, அதை வேற லேப்டாப்ல திறந்து பார்க்கிறது, ஜிஎஸ்டி போர்ட்டல்ல நம்பர் மாத்துறது, மூணையும் அடுத்த வீடியோவுல ஸ்கிரீன் ரெக்கார்டிங்கோட காட்டுறேன். மாமா கடையிலயே உட்கார்ந்து எடுக்கலாம்னு இருக்கேன். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்காரு. இந்த வாரம் பச்சை டேப்.